புயலுக்கு முன் அமைதி: 'த காம் பிஃபோர் த ஸ்டார்ம்' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழிபெயர்ப்பைத் திருத்துவது என் பிழைப்பு. ஆங்கிலத்தில் ஒரு சுற்றறிக்கை வரும், விளம்பரம் வரும், எப்போதாவது ஒரு கதை வரும். யாரோ தமிழாக்கியிருப்பார்கள், நான் சிவப்புப் பேனாவோடு உட்காருவேன். பார்த்தவுடன் புரிந்துவிடுகிற தொடர்தான் இது. அதனாலேயே இதில் சறுக்குகிறவர்கள் அதிகம். என்னிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

சுருக்கமாக என்ன பொருள்?

பெரிய அமளி ஒன்று வரப்போகிறது. அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் எல்லாம் அடங்கிக் கிடக்கிறது. அந்த இடைவெளிதான் 'த காம் பிஃபோர் த ஸ்டார்ம்'. தமிழில் புயலுக்கு முன் அமைதி. பெயரில் அமைதி இருந்தாலும் பேச்சு முழுக்கப் புயலைப் பற்றியது. "இந்த அமைதியை நம்பாதே" என்று சொல்லவே பெரும்பாலும் இதை எடுக்கிறார்கள்.

ஓர் உதாரணம் கொடுங்களேன்.

கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு முந்தைய ஐந்து நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். மேசையில் காகித விரிப்பு, வரிசையாக இலை, இலை ஓரத்தில் உப்பும் ஊறுகாயும். தண்ணீர் பாட்டில் வைத்தாயிற்று. பரிமாறுகிறவர்கள் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். ஒருவர் தோளில் கிடக்கும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். மின்விசிறிக் காற்றில் இலை நுனிகள் மட்டும் படபடக்கின்றன. வெளியே கெட்டிமேளம் கேட்கிறது. யாரும் எதுவும் பேசுவதில்லை.

அடுத்த நிமிடம் கதவு திறக்கும். நாற்காலி பிடிக்க ஓட்டம், "இந்த இலைக்கு அப்பளம் வரலை", "ரசம், ரசம்", பின்னால் நின்று இடம் பிடிக்கிறவர்கள், அழுகிற குழந்தை. அந்த ஐந்து நிமிடத்தில் சுவரில் சாய்ந்திருந்தவரிடம் கேட்டிருந்தால், இந்தத் தொடருக்கு அகராதியைவிட நல்ல விளக்கம் கிடைத்திருக்கும்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு: வருகிற புயல் கெட்டதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பந்தி சந்தோஷமான புயல். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் தி. நகர் ரங்கநாதன் தெருவில் காலை எட்டு மணிக்கு ஷட்டர் தூக்கும் கடைக்காரருக்கும் அப்படித்தான். வேலை, கூட்டம், இரைச்சல், இவை ஒன்றாக வந்து விழப்போகிற எந்த இடத்துக்கும் இது பொருந்தும்.

கிராமம், மலை வீடு, தியான மண்டபம் போன்ற அமைதியான இடத்தைப் பாராட்ட இதைச் சொல்லலாமா?

கூடவே கூடாது. ஒருமுறை மலைப்பக்கத்து விடுதி ஒன்றின் விளம்பரம் திருத்தத்துக்கு வந்தது. "புயலுக்கு முன் அமைதி போன்ற இதமான சூழலில் குடும்பத்தோடு தங்கி மகிழுங்கள்" என்று எழுதியிருந்தார்கள். படித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. நிலச்சரிவு வருகிற மலை அது.

ஆங்கிலத்தில் தொந்தரவில்லாத நிம்மதிக்கு 'பீஸ் அண்ட் கொயட்' என்பார்கள். மனநிம்மதிக்கு 'பீஸ் ஆஃப் மைண்ட்'. இரண்டும் நல்ல சொற்கள், பின்னால் எதுவும் ஒளிந்திருக்காது. நம்முடைய தொடர் இந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான், ஆனால் கல்யாணத்துக்குக் கூப்பிட முடியாத உறவு.

நிஜமாகவே புயலுக்கு முன் அமைதி வருமா, அல்லது சும்மா பேச்சா?

சில சமயம் வரும். இடிமழை மேகம் ஒன்று வளரும்போது சுற்றியுள்ள வெப்பமான, ஈரமான காற்றை உறிஞ்சி மேலே தள்ளுகிறது. மேலே போன காற்று ஈரத்தை மழையாக இழந்து, மேகத்தின் உச்சியில் விரிந்து, ஓரங்களில் மறுபடி கீழே இறங்குகிறது. இறங்கும்போது அழுத்தப்பட்டுச் சூடாகிறது, உலர்கிறது. உலர்ந்த சூடான காற்று ஒரு மூடி போட்டதுபோல அந்த இடத்தின் மேல் உட்கார்ந்துவிடும். அதற்குக் கீழே மேகம் எழும்பாது, காற்றும் அசையாது. பாட்டி "ஒரு இலைகூட ஆடலை, புழுங்கித் தள்ளுது, மழை வரப்போகுது பாரு" என்று சொன்னது இதைத்தான்.

எல்லா மழைக்கும் இப்படி நடக்காது. பல கோடை மழைக்கு முன்னால் அமைதியே கிடையாது. மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று நேராகக் கீழே கொட்டி, தரையில் பரவி, புழுதியை அள்ளிக்கொண்டு முதலில் வந்து கதவை அறையும். மழை பிறகுதான். ஆகவே அமைதியாக இருந்தால் புயல் வரும் என்றோ, புயல் வருவதானால் முதலில் அமைதி இருக்கும் என்றோ கணக்குப் போடாதீர்கள்.

வங்கக் கடல் புயலுக்கும் இதே மாதிரி ஒரு காரியம் உண்டு. புயலைச் சுற்றிக் காற்று கீழே இறங்கும் வட்டாரத்தில் வானம் வெளுத்து, வெயில் அடித்து, "இதற்கா இவ்வளவு அறிவிப்பு?" என்று கேட்க வைக்கும். நம் துறைமுகங்களில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டுகளில் 1ஆம் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைவில் கடலில் ஏதோ உருவாகிறது, துறைமுகத்துக்கு நேரடி ஆபத்து இல்லை என்று பொருள். கரையில் அலை சாதுவாக இருக்கும், மேலே கூண்டு தொங்கும். அரசாங்கமே அதிகாரபூர்வமாக அறிவிக்கிற புயலுக்கு முன் அமைதி என்று அதைச் சொல்லலாம்.

'ஐ ஆஃப் த ஸ்டார்ம்', அதாவது புயலின் கண், என்பதும் இதுவும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கண்ணுக்குள் நானே நின்றிருக்கிறேன்.

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா புயல் சென்னையைக் கடந்த நாள். காலையிலிருந்து வடக்கிலிருந்து அடித்த காற்றில் ஜன்னல் சட்டமெல்லாம் நடுங்கியது. வாசல் தூங்குமூஞ்சி மரம் ஒரு கிளையைக் கீழ்வீட்டுக்காரர் ஸ்கூட்டர்மேல் போட்டுவிட்டு அப்படியே நின்றது. மதியத்துக்கு மேல் சட்டென்று எல்லாம் நின்றுபோனது. மழை இல்லை, காற்று இல்லை. எங்கோ ஒரு தகரம் மட்டும் கடைசியாக ஒருமுறை டங்கென்றது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. கீழ்வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அரிவாளோடு இறங்கிவிட்டார்.

"சார், உள்ளே வாங்க, இன்னும் பாதி இருக்கு" என்று மாடியிலிருந்து கத்தினேன். "அதான் ஓய்ஞ்சிடுச்சே சார்" என்றார். கிளையை இழுத்து முடித்து அவர் படி ஏறியதுமே காற்று திரும்பவும் ஆரம்பித்தது, இந்த முறை தெற்கிலிருந்து. காலையெல்லாம் ஒரு பக்கம் தள்ளப்பட்டு வேர் தளர்ந்து நின்ற மரத்தை இப்போது மறுபக்கத்திலிருந்து தள்ளியது. அது முழுசாகச் சாய்ந்து ஸ்கூட்டரை மூடியது.

புயலின் கண் என்பது இதுதான்: சுழலும் காற்றுக்கு நடுவில் இருக்கும் அமைதியான பகுதி. முன்பாதி கடந்தாயிற்று, பின்பாதி பாக்கி. 'காம் பிஃபோர் த ஸ்டார்ம்' தொடங்குவதற்கு முந்தைய அமைதி. கண் நடுவே கிடைக்கிற அமைதி. அன்று அந்தச் சாருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால்... தெரிந்திருந்தாலும் இறங்கித்தான் இருப்பார், புது ஸ்கூட்டர்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஆங்கிலச் செய்திகளில் ஓர் அமைச்சர் 'இன் த ஐ ஆஃப் த ஸ்டார்ம்' இருக்கிறார் என்று எழுதினால், சர்ச்சையின் நட்டநடுவில் அடிவாங்குகிறார் என்று பொருள். வானிலைப்படி கண்ணுக்குள் அடியே விழாது. ஆனால் வழக்கு அப்படி நிலைத்துவிட்டது, அதோடு சண்டை போட்டுப் பயனில்லை. தமிழாக்கும்போது மட்டும் "புயலின் கண்ணில்" என்று எழுதாமல் "சர்ச்சையில் சிக்கியிருக்கும் அமைச்சர்" என்று எழுதிவிடுங்கள்.

இந்தத் தொடர் எங்கிருந்து வந்தது?

கடலோடிகளின் அனுபவம் என்று பொதுவாகச் சொல்வார்கள், அதில் நியாயம் உண்டு. எழுத்தில் பார்த்தால், புயலுக்குப் பின் அமைதி வரும் என்ற ஆறுதல் பேச்சு ஆங்கிலத்தில் மிகப் பழையது. ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ, புயலைத் தாண்டி சைப்ரஸ் வந்து மனைவியைப் பார்த்ததும், ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் இப்படி அமைதி வருமானால் வீசட்டும் காற்று என்கிறான்.

முன்னால் வரும் அமைதியும் அவரிடம் இருக்கிறது. ஹாம்லெட்டில் ஒரு நடிகன் டிராய் நகரம் வீழ்ந்த கதையைச் சொல்கிறான். கிழட்டு அரசன் பிரையத்தின் தலைக்கு மேல் ஓங்கிய வாள் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிறது. புயலுக்கு முன் வானம் மௌனமாகி, மேகம் நகராமல் நின்று, காற்று பேச்சிழந்து, பூமி சாவைப்போல் அடங்கி, அப்புறம் இடி கிழித்துக்கொண்டு வருமே, அப்படி என்று அந்த நிறுத்தத்தை அவன் வர்ணிக்கிறான். பிறகு வாள் இறங்குகிறது. தொடர் அப்படியே அங்கே இல்லை. எண்ணம் முழுதாக இருக்கிறது.

'காம்' என்ற சொல்லின் பிறப்பு இதைவிடச் சுவையானது. கிரேக்கத்தில் 'கௌமா' என்றால் எரிக்கும் வெப்பம். அது லத்தீனுக்குள் வந்து உச்சி வெயில் என்று பொருள்பட்டு, வெயில் தாங்காமல் ஆளும் மாடும் நிழலில் ஒதுங்கிவிடுகிற அந்த நேரத்து அசைவின்மையைக் குறித்து, கடைசியில் அமைதி ஆகியிருக்கிறது. ஆக, ஆங்கிலத்தின் அமைதி புழுக்கத்தில் பிறந்தது.

தமிழில் இதற்குச் சொந்தமாக ஒன்றும் இல்லையா?

இருக்கிறது, ஆனால் கொஞ்சம் வேறு ஜாதி. புலி பதுங்குவது பாய்வதற்கே என்கிறோம். வள்ளுவர் ஆட்டுக்கடாவை எடுக்கிறார், 486ஆம் குறள், காலமறிதல் அதிகாரம்: "ஊக்கம் உடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து." சண்டைக்கடா முட்டுவதற்காகப் பின்னுக்குப் போகிறதே, வல்லவன் அடங்கியிருப்பதும் அப்படித்தான் என்கிறார். ஔவையாரின் கொக்கும் உறுமீன் வரும்வரை ஓடுமீனை விட்டுவிட்டு வாடி நிற்கிறது.

புலி, கடா, கொக்கு, மூன்றுக்கும் மனசில் ஒரு திட்டம் இருக்கிறது. பேசாமல் இருப்பதே தந்திரம். புயலுக்கு யார்மேலும் பகை கிடையாது. அது வருகிற வழியில் நாம் இருக்கிறோம், அவ்வளவுதான். மொழிபெயர்க்கிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: அமைதியாக இருக்கிறவரேதான் பிறகு அடிக்கப்போகிறார் என்றால் புலியைக் கூப்பிடுங்கள். அமைதி ஒரு இடத்தில், வரப்போகிற அமளி வேறெங்கிருந்தோ என்றால் புயல் சரி. தேர்தல் அறிவிப்புக்கு முந்தைய வாரம் கட்சி அலுவலகம் வெறிச்சோடிக் கிடப்பது புயலுக்கு முன் அமைதி. சீட்டு கிடைக்காத தலைவர் நான்கு நாளாக யாரிடமும் பேசவில்லையா? அது பதுங்கல்.

இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பினால் அம்மா ஒன்றும் கேட்காமல் தட்டை மட்டும் "ணங்" என்று வைக்கிறாரே, அது எது என்று ஒரு மாணவி கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். புலிதான்.

ஆங்கிலத்தில் இதை மிரட்டலாகச் சொல்வதில்லையா?

சொல்வதுண்டு. 2017 அக்டோபர் 5 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் வெள்ளை மாளிகையில் ராணுவத் தளபதிகளோடும் அவர்களுடைய துணைவர்களோடும் படம் எடுத்துக்கொள்ள நின்றார். இது எதைக் காட்டுகிறது தெரியுமா, ஒருவேளை இது புயலுக்கு முன் அமைதியாக இருக்கலாம் என்று நிருபர்களிடம் சொன்னார். என்ன புயல் என்று கேட்டதற்கு, தெரிந்துகொள்வீர்கள் என்று முடித்துவிட்டார். புயல் வரும் என்று சொல்கிறவர் கையிலேயே புயல் இருந்தால் இந்தத் தொடர் மிரட்டல் ஆகிவிடும். அதைத் தமிழில் கொண்டுவர "புயலுக்கு முன் அமைதி" என்றே விடலாம். யார் சொல்கிறார் என்பதே மிச்சத்தைச் சொல்லிவிடும்.

'ஸ்டார்ம்' என்றால் புயல்தானா?

எப்போதும் இல்லை. ஆங்கிலத்து ஸ்டார்முக்குள் இடிமழை, பனிக்காற்று, மணற்காற்று எல்லாம் அடங்கும். நமக்குப் புயல் என்றதும் வங்கக் கடல், பெயர் வைத்த புயல், பள்ளி விடுமுறை. அதனால் கால அளவு மாறிவிடுகிறது. அமெரிக்கச் சமவெளியில் இருப்பவர் இந்தத் தொடரைச் சொல்லும்போது அரைமணி நேர அமைதி மனசில் இருக்கலாம். நாகப்பட்டினத்துக்காரருக்கு இரண்டு நாள்.

இன்னொரு விஷயம்: பழந்தமிழில் புயல் என்றால் மேகம், மழை. வான்சிறப்பில் வள்ளுவர், புயல் என்னும் வருவாய் குறைந்தால் உழவர் ஏர் பிடிக்க மாட்டார்கள் என்கிறார். அவரிடம் போய் "புயலுக்கு முன் அமைதி" என்றால் பயப்பட மாட்டார். நல்லது, விதை நெல் எடுத்து வையுங்கள் என்பார்.

'லல் பிஃபோர் த ஸ்டார்ம்' என்றும் பார்க்கிறேனே?

அதே பொருள்தான், எதை வேண்டுமானாலும் எழுதலாம். 'லல்' என்பது தாலாட்டைக் குறிக்கும் 'லல்லபை'யின் உறவுக்காரச் சொல். அதனால் அதில் 'நம்மைத் தூங்க வைத்துவிடும்' என்ற சாயல் கொஞ்சம் கூடுதலாக இருப்பதாக எனக்குப் படும்.

புயல் வந்த பிறகுதானே அது புயலுக்கு முன் அமைதி என்று தெரிகிறது?

பாதி உண்மை. வரலாறு எழுதுகிறவர்கள் பின்னோக்கிப் பார்த்துத்தான் பயன்படுத்துகிறார்கள். 1939 செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் ஜெர்மனிமேல் போர் அறிவித்தது. அதன்பின் மேற்கு எல்லையில் எட்டு மாதம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆங்கிலேயர்கள் அதைப் பொய்ப்போர் என்று கேலி செய்தார்கள். 1940 மே 10 அன்று ஜெர்மனி மேற்கே பாய்ந்தது. இன்று அந்த எட்டு மாதத்தைப் புயலுக்கு முன் அமைதி என்று எழுதுவது எளிது.

ஆனால் அன்றாடப் பேச்சில் புயல் வருவது முன்னமே தெரிந்திருக்கும். பந்திக்காரருக்குத் தெரியும். ஆடிட்டர் அலுவலகத்தில் வருமான வரிக் கணக்குக்குக் கடைசித் தேதி நெருங்குமுன் தெரியும். எதுவும் வருவதற்கான அறிகுறியே இல்லாதபோது ஒவ்வொரு அமைதியையும் "இது புயலுக்கு முன் அமைதிதான்" என்று தலைப்பிடும் பத்திரிகைப் பழக்கம் எனக்கு எரிச்சல். ஒரு தலைவர் பேசாமல் இருந்தால் அவருக்கு உடம்பு சரியில்லாமல்கூட இருக்கலாம்.

எப்படி உச்சரிப்பது?

'காம்'. நடுவில் இருக்கும் 'ல்' பொதுவாக ஒலிக்காது. அமெரிக்கர் சிலர் ஒலிப்பார்கள். நாம் "காமா இரு" என்று தினமும் சொல்கிறோமே, அதேதான். 'பாம்', 'சாம்' என்று உள்ளங்கைக்கும் திருப்பாடலுக்கும் வருகிற சொற்களிலும் இதே கதை.

தமிழில் எழுதும்போது முன், முன்னே, முந்தைய: எது சரி?

தனியாக நின்றால் "புயலுக்கு முன் அமைதி". வாக்கியத்துக்குள் வந்தால் "புயலுக்கு முந்தைய அமைதி" ஓட்டமாக இருக்கும். "புயலுக்கு முன்பான அமைதி" எனக்குப் பிடிக்காது, தப்பில்லை. 'புயலுக்கு' என்பதற்குப் பிறகு 'முன்' வந்தால் ஒற்று மிகாது. 'பின்' வந்தால் "புயலுக்குப் பின்" என்று மிகும். தேர்வுத்தாளில் இதற்கு அரை மதிப்பெண் போகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

புயலை வைத்து இன்னும் என்னென்ன இருக்கின்றன?

அதிகம் கண்ணில் படுபவை இரண்டு. ஒன்றுமில்லாததைப் பெரிதாக்கினால் பிரிட்டனில் 'ஸ்டார்ம் இன் எ டீகப்' என்பார்கள், தேநீர்க் கோப்பைக்குள் புயல். அமெரிக்கர் கோப்பையை விட்டுவிட்டுத் தேநீர்க் கூஜாவைப் பிடிப்பார்கள்: 'டெம்பஸ்ட் இன் எ டீபாட்'. கஷ்டகாலத்தைத் தாக்குப்பிடித்துக் கரையேறினால் 'வெதர் த ஸ்டார்ம்'.

அலுவலக மின்னஞ்சலில் எழுதலாமா?

சக ஊழியருக்கு எழுதலாம். புது மென்பொருள் வெளியாகும் நாள் காலையில் "இட்ஸ் த காம் பிஃபோர் த ஸ்டார்ம்" என்று ஒரு வரி போட்டால் சிரிப்பார்கள். வாடிக்கையாளருக்கு எழுதாதீர்கள். பணம் கொடுத்தவருக்கு அடுத்து வரப்போகிற புயலைப் பற்றித்தான் கவலை. உங்கள் அமைதியை அவர் ரசிக்க மாட்டார். முதல் 'த'வை மட்டும் விட்டுவிடாதீர்கள், நம் ஆட்கள் எழுதும்போது காணாமல் போவது அதுதான்.